மரம் எடுக்கப் போனேன்

ஜெர்மனியில் இறங்கிய மறுநாள் காலை என்னைத் திடுக்கிட வைத்தது குளிரும் இல்லை, வெள்ளைக்காரர்களும் இல்லை. தரையில் கொட்டிக் கிடந்த காயை ஒருவர்கூடப் பொறுக்காமல் போனதுதான்.

எர்லாங்கன் என்று ஓர் ஊர். என் மகள் பூங்கொடி அங்கே பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் தெருவில் இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள். ஓக் மரமாம். ஒவ்வொரு காயும் கொட்டைப்பாக்கு அளவு. தலையில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி. கால் வைத்த இடமெல்லாம் நொறுக் நொறுக் என்கிறது. சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பொறுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"அம்மா, என்னம்மா பண்றே? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். காயை வீணாக்குற ஊருல நான் எதுக்கு வெக்கப்படணும்?"

"அத யாரும் திங்க மாட்டாங்கம்மா. ஒரே கசப்பு. காட்டுப்பன்னிதான் திங்கும்."

"அப்ப பன்னிக்காச்சும் பொறுக்கிப் போடுங்க."

என் பெயர் பேச்சியம்மாள். நத்தம் ரோட்டில் முப்பத்தெட்டு வருஷம் புளியமரம் குத்தகை எடுத்தவள். வருஷா வருஷம் ரோட்டோர மரங்களை அரசாங்கம் ஏலம் விடும். பூவைப் பார்த்து, பிஞ்சைப் பார்த்து மரத்தை எடுப்போம். பழுத்த பிறகு உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை நீக்கி, மூட்டை கட்டுவோம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஏல நோட்டீசை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் தூரைத் தட்டிப் பார்த்து இந்த மரம் இத்தனை மூட்டை என்று நான் சொல்லிவிட்டால், எதிர் ஏலக்காரன் வாயை மூடிக்கொள்வான். இது பெருமைக்குச் சொன்னது இல்லை. பெருமையும் உண்டு.

நான் போனது ஊர் பார்க்க இல்லை. என் வீட்டுக்காரர் இறந்து பத்து வருஷம் ஆகிறது. எனக்கு இருப்பது ஒரே மகள். "அடுத்த வருஷம் ஊருக்கே வந்திடுவோம்மா" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த அடுத்த வருஷம் எது என்று நேரில் கேட்டு, அவள் வாயால் சொல்லவைத்து வரத்தான் போனேன். மூன்று வாரம் கையில் இருந்தது.

கேட்கும் தைரியம்தான் வரவில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எல்லாம் மரங்களைப் பார்த்தே போயின.

அங்கே ரோட்டு மரங்களில் சின்ன வட்டத் தகடு அடித்து எண் போட்டிருக்கிறார்கள். நம் நெடுஞ்சாலைக்காரர்கள் வெள்ளையடித்துக் கறுப்பு மையில் எழுதுவார்களே, அதே மாதிரி. எனக்குச் சொந்த ஊருக்கே வந்துவிட்டது போல் இருந்தது. "இதெல்லாம் யாரு எடுத்திருக்கா?" என்று கேட்டேன். யாரும் எடுக்கவில்லையாம். சும்மா எண்ணி வைத்திருக்கிறார்களாம். எந்த மரத்துக்கு என்ன வயது, எந்தக் கொப்பில் பொந்து என்று ஆபீசில் கணினியில் இருக்கிறதாம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் தோட்டத்தில் நிற்கும் ஓக் மரத்தை வெட்ட வேண்டும். வெயிலை மறைக்கிறதாம். ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். வெட்டக் கூடாது என்று பதில் வந்துவிட்டது. அவர் நிலம், அவர் வீடு, அவர் மரம்! என்ன அநியாயம் என்று நான் கேட்டதற்கு, மாப்பிள்ளை யோனாஸ் சிரித்துக்கொண்டே தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அத்தை, மரம் முதலில் வந்தது. அவர் பிறகு வந்தார்."

இன்னொரு தெருவில் ஓக் மரத்தில் கம்பளிப்பூச்சிப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை தொங்கியது. நம் முருங்கைமரத்துப் பூச்சிக்கு அண்ணன். மேலே பட்டால் தடிப்பு, மூச்சிரைப்பு எல்லாம் வருமாம். நாம் என்றால் தீப்பந்தம் கட்டிக் கருக்குவோம். இங்கே உடம்பு முழுக்க மூடிய உடை போட்டுக்கொண்டு ஆள் ஏறி, வீடு கூட்டும் இயந்திரம் போன்ற ஒன்றை வைத்து, மரத்துக்கு நோகாமல் உறிஞ்சி எடுப்பார்களாம். பூங்கொடி சொல்லச் சொல்ல நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

சில்லறைக் காசைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதிலும் ஓக் இலை.

எங்கள் ரோட்டை நாலுவழிச் சாலையாக்கியபோது நான் முப்பது வருஷம் எடுத்த மரங்களை ஒரே வாரத்தில் அறுத்துப் போட்டார்கள். விறகுக்கு ஏலம் விட்டார்கள். நானே போய் எடுத்தேன். அழவில்லை. தொழில் என்றால் அதுதான். ஆனால் அந்தச் செப்புக் காசை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வீட்டில் சாப்பாடு. யோனாஸின் தாயார். பெயர் ஹில்டே. எழுபத்தெட்டு வயது. என்னைவிட ஏழு வயது மூத்தவள். நாற்பது வருஷம் ரொட்டிக் கடையில் நின்று வேலை பார்த்தவளாம். இப்போது இடுப்பு தேய்ந்து கைத்தடியோடு நடக்கிறாள். ஆனால் கை இரும்பு. குலுக்கும்போது என் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது.

தட்டில் ஒரு மீன் வந்தது. பாதி மீன். தலையிலிருந்து வால் வரை நெடுக்காகப் பிளந்து, வளைத்துப் பொரித்து வைத்திருந்தாள். ஒரு கண் என்னையே பார்த்தது. மற்றப் பாதி எங்கே என்று பார்த்தால் ஹில்டேயின் தட்டில். இந்த ஊரில் குளத்து மீனை இப்படித்தான் தின்பார்களாம். பக்கத்தில் உருளைக்கிழங்கு உருண்டை, நம் கொழுக்கட்டைக்கு உப்புப் போட மறந்த மாதிரி. நான் கொண்டுபோன புளியில் பூங்கொடி ஒரு குழம்பு வைத்திருந்தாள். ஹில்டே ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை இறுக்கி மூடினாள். பிறகு மறுபடி ஊற்றிக்கொண்டாள். நல்லவள்தான் என்று முடிவு செய்தேன்.

சாப்பிட்ட பின் தலைக்கு மேலே இருந்த உத்திரத்தைக் காட்டினாள். ஓக் மரமாம். அவள் தாத்தாவுக்குத் தாத்தா காலத்துக்கும் முந்தியதாம். கறையான் என்ற பேச்சே இல்லை. பிறகு கதை கதையாகச் சொன்னாள். பூங்கொடி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பழைய காலத்தில் இடிச்சாமிக்கு உரிய மரம் என்று ஓக்கைக் கும்பிட்டார்களாம். வேற்றூரிலிருந்து ஒரு பாதிரியார் வந்து எல்லார் கண் முன்னாலும் அந்த மரத்தைக் கோடாலியால் வெட்டினாராம். இடி விழும் விழும் என்று சனம் காத்து நின்றதாம். விழவில்லையாம். அந்தப் பலகையிலேயே அவர் கோவிலும் கட்டிவிட்டாராம்.

"எங்க ஊரு முனியா இருந்தா அந்த ஆளு வீடு போய்ச் சேந்திருக்க மாட்டாரு" என்றேன்.

ஹில்டே அதைக் கேட்டு மேசையைத் தட்டிச் சிரித்தாள். "நீங்கள் முனியைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

"முப்பத்தெட்டு வருஷம் புளியமரத்தடியில காவல் படுத்தவ நான். என்னையப் பாத்து அது ஓடியிருக்கும்."

ஊர்ப் பஞ்சாயத்து நடந்ததும் ஓக் மரத்தடியில்தானாம். இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் பன்றிகளை ஓட்டி விடுவார்களாம். காட்டுக்குச் சொந்தக்காரனான பிரபு இத்தனை பன்றிக்கு இவ்வளவு என்று காய்ப்பைக் குத்தகைக்கு விடுவானாம்.

குத்தகை என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அப்பிடிச் சொல்லு! நானும் பாக்குறேன், காய் இருந்தா குத்தகை இல்லாமலா?"

உலகச் சண்டை முடிந்த பஞ்ச காலத்தில் தன் தாய் இந்தக் காயைப் பொறுக்கி, தோலுரித்து, தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்துக் கசப்பை இறக்கி, வறுத்துக் காப்பி போட்டதாக ஹில்டே சொன்னாள். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறதாம். நாங்களும் சின்ன வயதில் புளியங்கொட்டையை வறுத்து, ஊற வைத்து, அவித்துத் தின்றவர்கள். அதைச் சொன்னேன். அவள் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.  

அன்றைக்குச் சாயங்காலம் பாத்திரம் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், பூங்கொடி சொன்னாள்:

"அம்மா, செவ்வாக்கிழமை ஹில்டே அத்தை மரம் எடுக்கப் போறாங்க. எனக்கும் யோனாசுக்கும் லீவு கிடைக்கல. நீ கூடப் போயிட்டு வர்றியா? மரம் பாக்க உன்ன விட யாருக்குத் தெரியும்?"

"மரம் எடுக்கவா?"

"ம்."

எங்கள் தொழிலில் மரம் எடுப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். சம்பந்தியம்மாவும் நம்ம தொழில்காரிதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். காயைப் பன்றிக்காரனுக்கு விற்பாளோ, காப்பிக்கு வறுப்பாளோ, அது அவள் பாடு.

செவ்வாய்க்கிழமை ரயிலில் கொஞ்ச தூரம், பஸ்ஸில் கொஞ்ச தூரம். ஹில்டே அவித்த முட்டையும் ரொட்டியும் பொட்டலம் கட்டி வந்திருந்தாள். காட்டு வாசலில் பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு வனக்காவலர், நல்ல வாட்டசாட்டமான ஆள், தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார். வேலி இல்லை, வாட்ச்மேன் இல்லை. மரத்துக்கு மரம் எண் தகடு. சில மரங்களில் கலர் நாடா கட்டியிருந்தது. நாடா கட்டினதெல்லாம் இன்னும் யாரும் எடுக்காதவை என்று அவர் கைச்சாடையில் காட்டினார். மற்ற மரங்களில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு, அதில் பெயர்கள். எடுத்தவர்கள் பெயர் என்று புரிந்துகொண்டேன். எவ்வளவு ஒழுங்கு! நம் ஊரில் சுண்ணாம்பில் ஒரு கோடு இழுப்பதற்குள் அடிதடி வந்துவிடும்.

ஹில்டேயின் கைப்பேசிதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பு. அது செய்தி வாசிக்கிற மாதிரித் தமிழ் பேசியது. "இது குடும்பத்திற்கான மரம். தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்குக் குத்தகை" என்றது.

எனக்குத் தலை சுற்றியது. நாங்கள் ஒரு மகசூலுக்கு எடுக்கவே நாய்ப்பாடு படுகிறோம். தொண்ணூற்றொன்பது வருஷமா? எடுத்தவள் எங்கே இருப்பாள்? "பேரன் பேத்தி காலத்துக்கும் சேத்து எடுக்குறாங்க போல" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மரத்தடி பெஞ்சில் ஒரு நடுவயதுப் பெண் தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவம், இந்த வருஷம் காய்ப்புப் பொய்த்துவிட்டது என்று நினைத்தேன். ஓக்கும் புளி மாதிரிதான், ஒரு வருஷம் கொட்டினால் மறுவருஷம் ஓய்ந்துவிடும். அடுத்த வருஷம் சரியாகும் தாயி என்று சொல்லப் போனேன். ஹில்டே என் முழங்கையைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள்.

நான் என் வேலையைக் காட்டினேன். மரம் மரமாகத் தூரைத் தட்டிக் காது வைத்தேன். உள்ளே பொத்தல் என்றால் சத்தம் வேறு. ஒன்று நோஞ்சான். ஒன்றுக்கு உச்சி பட்டுப்போயிருந்தது. கடைசியில் ஓர் ஓடைக் கரையில் ஒரு மரம் கண்டேன். மூன்று பேர் கை கோத்தாலும் கட்ட முடியாது. நாலு பக்கமும் சரிசமமாகக் கொப்பு வீசி, தரையெல்லாம் காய் கொட்டி, ராசா மாதிரி நின்றது. நல்ல மரத்தை ஏலத்துக்கு முன்னால் புகழக் கூடாது. அங்கே போட்டிக்கு யாரும் இல்லையே என்று வாய் விட்டேன்.

"இத எடு சம்பந்தி. கண்ண மூடிக்கிட்டு எடு. இதுக்கு மேல ஒரு மரம் கிடைக்காது."

கைப்பேசி அதை என்னவாகச் சொன்னதோ. "காய்ப்பு எப்பிடி?" என்று வனக்காவலரையும் கேட்டேன். அவர் கொஞ்சம் விழித்துவிட்டு, "நிறைய. காட்டுப்பன்றிகளுக்கு மகிழ்ச்சி" என்றார். ஹில்டே கைத்தடியை மரத்தில் சாய்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கண் நனைந்திருந்தது. ஒரு மரத்துக்கா இவ்வளவு என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது.

மரத்தடியில் உட்கார்ந்து முட்டையும் ரொட்டியும் தின்றோம். நான் மட்டும்தான் தின்றேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

திரும்பும்போது, வனக்காவலர் தந்த காகிதங்கள் வைத்த கோப்பு ஒன்றை ஹில்டே என்னிடம் கொடுத்திருந்தாள், தடியோடு அதையும் பிடிக்க முடியாது என்று. எர்லாங்கனில் அவள் முன்னால் இறங்கினாள். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பின்னால் போவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அங்கே கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அமுக்க வேண்டும். எந்தப் பொத்தான்? இரண்டு மூன்று இருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹில்டே தடியை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினாள். ரயில் கிளம்பிவிட்டது.

அடுத்த நிலையத்தில் இறங்கி நின்றேன். கையில் போன் இல்லை, கோப்பு மட்டும். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது, பின்னாலிருந்து தமிழ் கேட்டது.

"எங்கை அம்மா போறியள்? இந்தியாவோ?"

ஐம்பது வயதிருக்கும். சக்கரம் வைத்த காய்கறிப் பையை இழுத்துக்கொண்டு வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. நடந்ததைச் சொன்னேன்.

"பயப்பிடாதேங்கோ. மற்றப் பக்கம் ரெயின் வரும், நான் கொண்டுபோய் விடுறன். மகளின்ர நம்பர் இருக்கோ? அந்த ஃபைலைத் தாங்கோ, பாப்பம்."

கோப்பைத் திறந்தாள். முதல் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா, இது என்ன எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாம என்ன? மரக் குத்தகை. நாந்தான் பாத்துக் குடுத்தேன்."

"குத்தகையோ..." அவள் என் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள். "இது செத்த ஆக்களின்ர சாம்பலை வைக்கிற காடு, அம்மா. மரத்தடியிலைதான் புதைக்கிறவை. அந்த மரம்தான் கல்லறை. ஆர் ஆருக்கு இடம் எண்டு இதிலை பேர் கிடக்கு. ஹில்டே. யோனாஸ். பிறகு பூங்கொடி எண்டு ஒரு பேர். தமிழ்ப் பேரா இருக்கே, ஆரம்மா?"

எனக்குக் காது அடைத்துவிட்டது. எதிர்த் தண்டவாளத்தில் ஒரு ரயில் வந்து நின்று போனது. எங்கள் ரயில் அதுதானாம். அவள் ஏறச் சொல்லவில்லை. என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

"என் மக" என்றேன்.

"ஐயோ" என்றாள். மறுபடி தாளைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை ரெர்மின் எண்டு நாள் குறிச்சுப் போட்டிருக்கு, கையெழுத்து வைக்க. இன்னும் முடியேல்லை. யோசியாதேங்கோ. என்ர மனுசனும் உப்பிடி ஒரு மரத்தடியிலைதான் இருக்கிறார். ஊருக்குக் கொண்டுபோக நினைச்சம், ஏலாமப் போட்டுது. கிழமைக்கு ஒருக்காப் போய்க் கதைச்சுப்போட்டு வருவன்."

பெஞ்சில் அழுதுகொண்டிருந்த பெண் நினைவுக்கு வந்தாள். காய்ப்புப் பொய்த்தது என்று நான் நினைத்தவள். நான் தின்ற முட்டை நெஞ்சுக்குள் நின்றது.

பெற்ற மகளுக்கு, தூரைத் தட்டி, காது வைத்து, இதுக்கு மேல ஒரு மரம் கிடைக்காது என்று சொல்லி, சுடுகாட்டு இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். உலகத்தில் எந்தத் தாயாவது செய்வாளா?

யாழ்ப்பாணத்துக்காரி அடுத்த ரயிலில் என்னைக் கொண்டுவந்து விட்டாள். அன்றைக்கு வீட்டில் நான் காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"அடுத்த வருசம், அடுத்த வருசம்னியே, இதானா அந்த வருசம்?"

"அம்மா, ப்ளீஸ், உக்காரு."

"மரம் எடுக்கப் போறாங்கன்னு எங்கிட்டயே சொன்னியேடி! அந்தச் சொல்ல எங்கிட்டச் சொல்லலாமா நீ?"

"வேற எப்பிடிச் சொல்றது? அடக்கம் பண்ண எடம் பாக்கப் போறாங்கன்னா நீ போயிருப்பியா? அங்க போனா உனக்கே புரிஞ்சிரும்னு நெனச்சேன். புரிஞ்சதும் நீயே எங்கிட்டக் கேப்பன்னு நெனச்சேன். எனக்குச் சொல்ற தைரியம் இல்லம்மா."

"உனக்கு முப்பத்தெட்டு வயசு!"

"அதனால என்ன? இங்க எல்லாரும் முன்கூட்டியே எழுதி வச்சிருவாங்க. அத்தைக்கு இடுப்பு ஆப்பரேஷன் வருது. அதுக்கு முன்னாடி முடிச்சிரணும்னு நெனக்கிறாங்க." பிறகு, பத்து வருஷமாக நான் கேட்க வந்ததை, நான் கேட்காமலே சொன்னாள். "நான் ஊருக்குத் திரும்பி வரமாட்டேம்மா. லீவுக்கு வருவேன். நீ கூப்பிட்டப்பல்லாம் வருவேன். ஆனா இருக்கறதுக்கு வரமாட்டேன். பொய் சொல்லிட்டேன். நீ வருத்தப்படுவன்னு."

யோனாஸ் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மன்னியுங்கள் அத்தை" என்றார். நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மாப்பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் இருந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

புதன்கிழமை ஒரு வாய் சாப்பிடவில்லை. கதவைத் திறக்கவும் இல்லை. பூங்கொடி வெளியே தரையில் உட்கார்ந்திருந்தது கதவு இடுக்கில் நிழலாகத் தெரிந்தது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டாள் போல. செவ்வாய்க்கிழமை கிடைக்காத லீவு.

வியாழக்கிழமை ஹில்டே வந்தாள். மூன்று மாடி, லிப்ட் இல்லை, தேய்ந்த இடுப்பு. அவள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டபிறகு கதவைத் திறக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பேசினாள். அது செய்தி வாசித்தது:

"உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். என் மகனும் மருமகளும் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். நீங்கள் மரங்களைத் தட்டியபோது, இவ்வளவு தைரியமான தாயை நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன்."

"தைரியமும் இல்ல, மண்ணும் இல்ல. மடச்சி நான்."

கைப்பேசி அதை மொழிபெயர்த்தது. ஹில்டே தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடி பேசினாள்.

"அவள் உங்கள் மகள். அவள் தாய் தேர்ந்தெடுத்த மரம் என்றால் அவளுக்கு அது அந்நிய இடமாக இருக்காது. அதனால்தான் உங்களை அழைத்தேன். வேண்டாம் என்றால் அவள் பெயரை எடுத்துவிடுகிறேன். உங்கள் சொல்தான்."

என் சொல்தான் என்கிறாள். அதுவரை எனக்கு ஆத்திரத்தில் கொட்ட நிறைய இருந்தது. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் வற்றிவிட்டது. பெயரை எடுத்துவிட்டால் மட்டும் மகள் ஊருக்கு வந்துவிடுவாளா? எண்பது வயதில் அவளை எங்கேயோ, யாரோ, பேரில்லாமல் வைப்பார்கள். அது மட்டும் எனக்குச் சம்மதமா?

நான் கைப்பேசியை என் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டேன். "இந்த மரம் மொத மொத காய்க்க எத்தன வருசம் ஆகும்?"

ஹில்டே இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "நாற்பது, ஐம்பது. நட்டவன் பெரும்பாலும் பார்க்க மாட்டான்" என்றாள்.

நம் புளி பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கொடுத்துவிடும். நாற்பது வருஷமா? இப்படி ஒரு சோம்பேறி மரத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. அன்றைக்கு ராத்திரி சோறு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை நாலு பேருமாகப் போனோம். வனக்காவலர் காகிதங்களை ஒரு மரப்பலகை மேசையில் விரித்துத் தயாராக வைத்திருந்தார். ஓடைக்கரை மரத்தில் நாடா அப்படியே இருந்தது.

"இந்த மரம் வேண்டாம்" என்றேன்.

பூங்கொடி முகம் வெளுத்தது. "அம்மா..."

"சும்மா இரு. இங்க மரம் பாக்குறது நானா, நீயா?"

நான் முன்னால் நடந்தேன். அவர்கள் பின்னால் வந்தார்கள். மேட்டுப் பக்கம் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில், செவ்வாய்க்கிழமை வந்தபோது கண்ணில் பட்டும் மதிக்காமல் போன ஒரு கன்று இருந்தது. அதிலும் நாடா கட்டியிருந்தது. என் மணிக்கட்டுத் தடிமன். மான் கடிக்காமல் இருக்கச் சுற்றிலும் கம்பி வலை. தட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். பச்சை. வேர்ப் பக்கம் மண்ணை அமுக்கிப் பார்த்தேன். ஈரம். கொப்பு நாலு பக்கமும் விட ஆரம்பித்திருந்தது.

"இதுதான்."

வனக்காவலர் பணிவாக ஏதோ சொன்னார். யோனாஸ் மொழிபெயர்த்தார். "பெரிய மரங்களும் இருக்கின்றன அத்தை. இது மிகவும் இளையது. காய்க்கவே நாற்பது வருஷம் ஆகும் என்கிறார்."

"தெரியும். அதனாலதான்." நான் நேராக வனக்காவலரைப் பார்த்துத் தமிழிலேயே பேசினேன். எனக்கு என் மொழியில்தான் ஏலம் கேட்கத் தெரியும். "எழுதிக்கிடுங்க. எங்க தொழில்ல காய்ப்புக்கு வராத மரத்துல யாரும் கை வைக்கக் கூடாது. பூப் பாக்காம மரம் எடுக்கறதில்ல. இது காய்க்கிற வரைக்கும் இவுங்க மூணு பேருல ஒருத்தரும் இங்க வரக் கூடாது. அதுக்கப்புறம் அவுங்க இஷ்டம்."

யோனாஸ் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் குரல் நடுவில் ஒரு தடவை நின்றது. வனக்காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஹில்டேதான் முதலில் சிரித்தாள். "அப்படியென்றால் நான் நூற்றுப்பதினெட்டு வயது வரை இருக்க வேண்டுமே!"

"இரு. யாரு வேண்டாங்கறா? ஆப்பரேசன முடிச்சிட்டு வந்து தெம்பா இரு."

பூங்கொடி வலைக்குள் கை விட்டு அந்தக் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டும் நாற்பதும் எழுபத்தெட்டு. இன்றைக்கு ஹில்டேயின் வயது. மூன்று மாடி ஏறி வந்து இன்னொருத்தியைச் சமாதானப்படுத்தத் தெம்பு இருக்கிற வயது.

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்கு யாராவது வேண்டுமா என்று நானே கேட்டேன். வேண்டாமாம். ஆனாலும் ஹில்டே அந்தத் தாளை என் பக்கம் தள்ளினாள். பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாக, பே-ச்-சி-ய-ம்-மா-ள் என்று போட்டேன். அவசரப்படவில்லை. மரம் எடுக்கும்போது நான் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை.